பக்கம் குலைந்து வரும்போது பயர்பாக்ஸ்: பழுது பார்ப்பவரின் மதிப்புரை

எங்கள் தெருப் படிப்பகத்தில் இருக்கும் மூன்று கணினிகளையும் கவனித்துக்கொள்ளும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு வலைப்பக்கம் சரியாக வராதபோது அங்கே வருகிறவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "சார், நெட் வரலை." எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் அதுதான், படங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தாலும் அதுதான், பக்கத்தின் தலை மட்டும் வந்து உடல் வராமல் நின்றாலும் அதுதான். போய்ப் பார்த்தால் இணைய இணைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது பக்கத்தை எழுதியவரிடமோ, பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியிலோ, அதில் யாரோ ஏற்றிவைத்த நீட்டிப்பு என்ற துணை நிரலிலோ, கணினியின் கடிகாரத்திலோ இருக்கும்.

ஆகவே உலாவிகளை நான் மதிப்பிடும் அளவுகோல் வேறு. எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் எந்த உலாவியும் போதும். அன்றைக்கு அவற்றுக்குள் பெரிய வேறுபாடு எனக்குத் தெரிந்ததில்லை. பக்கம் கெட்டுப்போகிற நாளில், கெட்டது எங்கே என்று கண்டுபிடிக்க அது எவ்வளவு துணை செய்கிறது என்பதே என் கேள்வி. 2004 நவம்பரில் 1.0 பதிப்பாக வெளிவந்து இன்றுவரை மொசில்லா அமைப்பு இலவசமாக வழங்கிவரும் பயர்பாக்ஸ் உலாவியை அந்த ஒரு கேள்வியோடு மட்டும் இங்கே பார்க்கிறேன்.

முதல் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதைப் பாதியளவிலேயே செய்கிறோம். எஃப்5 பொத்தானை அழுத்தினால் உலாவி, தளத்தை வழங்கும் கணினியான சர்வரிடம் "நான் வைத்திருக்கும் பிரதி இன்னும் செல்லுமா" என்று கேட்கும். செல்லும் என்ற பொருளில் 304 என்ற பதில் வந்தால் முன்பு இறக்கிய பிரதிகளின் கிடங்கான தன் கேஷில் இருப்பதையே மறுபடி காட்டும். கேஷில் இருக்கும் கோப்பே பழுதானால், எத்தனை முறை அழுத்தினாலும் அதே பழுதுதான் திரும்ப வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தை அழுத்தினால்தான் கேஷைத் தாண்டி எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். தளத்தின் வடிவமைப்பை மாற்றிய மறுநாள் பக்கம் அலங்கோலமாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே மருந்து. அதற்கும் சரியாகாவிட்டால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் சொடுக்கி அந்த ஒரு தளம் நம் கணினியில் விட்டுவைத்த குறிப்புகளான குக்கிகளையும் சேமிப்பையும் மட்டும் அழிக்கலாம். ஒரு தளத்துக்காக உலாவியின் மொத்த வரலாற்றையும் துடைத்தெறிந்துவிட்டு, பிறகு எல்லாக் கடவுச்சொற்களையும் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

அடுத்து நான் செய்வது தனிமறைவுச் சாளரத்தில் (பிரைவேட் விண்டோ) அதே பக்கத்தைத் திறப்பது. அந்தச் சாளரத்தில் பழைய குக்கிகள் எதுவும் இருக்காது. நாம் தனியாக அனுமதி தராதவரை நீட்டிப்புகளும் ஓடா. பக்கம் அங்கே சரியாக வந்தால் சர்வரும் இணைப்பும் குற்றமற்றவை என்று முக்கால்வாசி முடிவாகிவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் உதவிப் பட்டியலில் உள்ள ட்ரபிள்ஷூட் மோடு இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த 88ஆம் பதிப்புவரை சேஃப் மோடு என்று அழைக்கப்பட்டதுதான் இது; ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பயர்பாக்ஸைத் திறந்தாலும் வரும். இந்த நிலையில் நீட்டிப்புகள் எல்லாம் அணைந்துவிடும், தோற்றம் பழைய இயல்புக்குத் திரும்பும், பக்கத்தை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் நின்றுவிடும். எதையும் நிரந்தரமாக மாற்றாமல் இவ்வளவையும் ஒரே அடியில் விலக்கிப் பார்க்க முடிவதுதான் இதன் அருமை. ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நான் தனியே சொல்லக் காரணம் உண்டு: பக்கத்தை உருட்டும்போது கறுப்புப் பட்டைகள் தோன்றுவதும், படம் துடிப்பதும், எழுத்துகள் சிதறி ஒட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சில்லை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரோடு உள்ள பிணக்கால் வருபவை. ட்ரபிள்ஷூட் மோடில் இவை மறைந்தால், அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் அந்த வசதியை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

இந்த முறையால் நான் தப்பிய ஒரு கதை. வீட்டில் தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிக்கும்போது ஒரு வாரமாகப் படங்கள் எதுவும் வரவில்லை. இணையச் சேவை தருபவரிடம் இரண்டு முறை புகார் கொடுத்து, வீட்டுக்கு வந்த ஊழியரிடம் கேபிளை மாற்றச் சொல்லி, அவரும் பொறுமையாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ட்ரபிள்ஷூட் மோடில் திறந்தபோது எல்லாப் படங்களும் வந்து வரிசையாக நின்றன. மாதக் கடைசியில் டேட்டாவை மிச்சம் பிடிக்கவென்று நானே நிறுவி, நானே மறந்துவிட்ட ஒரு நீட்டிப்பு பெரிய படங்களைத் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊழியரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ட்ரபிள்ஷூட் மோடுகூடத் தேவைப்பட்டிருக்காது, நெட்வொர்க் பலகையை அப்போதே திறக்கத் தெரிந்திருந்தால். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ என்று அழுத்தினால் சாளரத்தின் அடியில் அது விரியும். பிறகு பக்கத்தை மறுபடி ஏற்றினால், பக்கம் கேட்ட ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வந்து நிற்கும்: அதன் பெயர், எந்தச் சர்வரிலிருந்து வந்தது, சர்வர் தந்த பதில் எண், எடுத்துக்கொண்ட நேரம். நிரலாளர்களுக்காகச் செய்த கருவிதான்; ஆனாலும் கடைக்குப் போய்வந்த பற்றுச்சீட்டைப் படிக்கத் தெரிந்த எவரும் இதைப் படித்துவிடலாம். 404 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. 403 என்றால் இருக்கலாம், நமக்கு அனுமதி இல்லை. 502, 503, 504 என்றால் பழுது அவர்கள் பக்கம், நாம் டீ குடித்துவிட்டு வரலாம். எனக்கு மிகவும் பிடித்தது, எவ்வளவு இறங்கியது என்று காட்டும் நெடுவரிசை. கோப்பு கேஷிலிருந்து வந்திருந்தால் அதைச் சொல்லும். ஒரு நீட்டிப்பு தடுத்திருந்தால், எந்த நீட்டிப்பு தடுத்தது என்று அதன் பெயரையே போட்டுக்கொடுத்துவிடும். இப்படி நேராகக் கைகாட்டுவது, பழுது பார்ப்பவனுக்குப் பாதி நாளை மிச்சப்படுத்துகிறது. பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்ற கேள்விக்கும் விடை அங்கேயே கிடைக்கும்: ஒரு கோப்புக்கு எதிரே உள்ள காலப்பட்டை மட்டும் மற்றவற்றைவிட நீண்டு கிடந்தால் அந்தச் சர்வர்தான் இழுத்தடிக்கிறது; எல்லாப் பட்டைகளும் சேர்ந்து நீண்டால் நம் இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

இனித் தமிழ் எழுத்து. நான் பயர்பாக்ஸை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தமிழ் குலைந்து தெரிகிறது என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு குலைவுக்கும் தனிக் கையெழுத்து உண்டு.

எழுத்துகளுக்குப் பதிலாகச் சின்னக் கட்டங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பயர்பாக்ஸ் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாது. அதற்குள் பொடி எழுத்தில் அந்த எழுத்துக்கு உலகப் பொதுவாகத் தரப்பட்ட யூனிகோடு எண்ணை எழுதியிருக்கும். கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்திப் பெரிதாக்கினால் படிக்கலாம். 0, பி, 9, 5 என்று இருந்தால் அது 'க'. 0, பி என்று தொடங்கி அடுத்து 8 முதல் எஃப் வரை எது வந்தாலும் அது தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, ஆகக் கணினியில் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஏதேனும் ஒன்றை நிறுவினால் தீர்ந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா எழுத்துரு கூடவே வருவதால் இந்தச் சிக்கல் இப்போது குறைவு. மாறாகக் கட்டத்தில் உள்ள எண் ஈ அல்லது எஃப் என்று தொடங்கினால், பெரும்பாலும் அது எழுத்தே அல்ல: தேடல், பட்டியல், பகிர்வு போன்றவற்றுக்கு அந்தத் தளம் வைத்திருக்கும் குறும்படம். அதற்கான எழுத்துருக் கோப்பு இறங்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. நெட்வொர்க் பலகைக்குப் போனால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வகையில், தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்து உள்ள வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வந்து பக்கத்தை நிறைத்திருக்கும். இதைக் கண்டால் மகிழலாம், ஏனென்றால் எழுத்து கெடவில்லை. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பக்கம் தன் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாக எழுதிய முறையை, அறிவிக்காததால் உலாவி அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாக ஒவ்வொன்றாகப் படித்துவிட்டது. தமிழ்க் குறிகளின் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே என்பதாலும், இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்றாகவே இருக்கும் என்பதாலும்தான் அந்த ஏ எழுத்து விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆல்ட் பொத்தானை அழுத்தி வியூ பட்டியலில் உள்ள 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' என்பதைச் சொடுக்கினால் தமிழ் பளிச்சென்று வந்துவிடும். 2021 ஆகஸ்டில் வந்த 91ஆம் பதிப்புக்கு முன்பு இங்கே குறியாக்கங்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. இப்போது இந்த ஒற்றை வரிதான். பழைய பட்டியல் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, ஆனால் படிப்பகத்துக்கு வருகிற பெரியவர் அந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்தால் செய்தது சரிதான். அந்த வரி மங்கலாக, சொடுக்க முடியாமல் இருந்தால், பக்கம் முறையாக அறிவித்த குறியாக்கத்திலேயே குப்பை எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். தளத்தின் தரவுத்தளத்தில் முன்பே நிகழ்ந்த சேதத்தை எந்த உலாவியாலும் மீட்க முடியாது.

மூன்றாவது வகை, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் கொம்போ காலோ தனியே ஒட்டிக்கொண்டு நிற்பது. இதற்கு உலாவியைத் திட்டுவது அநியாயம். யூனிகோடில் 'கெ' என்பதற்கு முதலில் ககரமும் பிறகு கொம்பும் சேமிக்கப்பட வேண்டும், கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முதலில் வரும். கவனமில்லாத மாற்று மென்பொருளால் பழைய கோப்பை யூனிகோடாக்கினால் கொம்பு தனக்குரிய மெய்யின் முன்னால் அனாதையாக நின்றுவிடுகிறது. பயர்பாக்ஸின் எழுத்து வார்ப்புக்குப் பயன்படும் ஹார்ஃப்பஸ் நிரலி, இதற்கு உரிய எழுத்து இல்லை என்று காட்டவே அந்தப் புள்ளிவட்டத்தைப் போடுகிறது. திருத்த வேண்டியது பக்கத்தை எழுதியவர்.

டிஸ்கியிலும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் முறைகளிலும் எழுதிய பக்கங்கள் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. அவை அரைகுறை ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரியும். மேலே சொன்ன ரிப்பேர் வரி இவற்றுக்கு உதவாது, அந்தக் குறியாக்கங்களை அது அறியாது. அதற்குரிய எழுத்துருவை நிறுவ வேண்டும், அல்லது உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்ற வேண்டும். (பழைய நோக்கியா போனில் ஓப்பரா மினியின் அமைப்புக்குள் புகுந்து, தமிழ் எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்த தலைமுறைக்கு இதெல்லாம் சிரமமே அல்ல.)

எந்த எழுத்துரு உண்மையில் பயன்படுகிறது என்று அறிய, உரையின் மேல் வலச்சொடுக்கி இன்ஸ்பெக்ட் திறந்து ஃபான்ட்ஸ் பகுதியைப் பார்க்கலாம். பக்கம் லதா எழுத்துருவைக் கேட்டிருக்கும். விண்டோஸ் 10இல் லதா தனியே சேர்க்க வேண்டிய துணைத் தொகுப்புக்குள் போய்விட்டதால் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். வரி இடைவெளி திடீரென மாறியதற்குக் காரணம் இப்படிச் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. அமைப்புகளில் தமிழுக்கென்று தனியே எழுத்துருவும் அளவும் குறிக்க இடம் வைத்திருப்பதும் பாராட்டத்தக்கது. ஆனால் அதே சாளரத்தில் உள்ள குறைந்தபட்ச எழுத்தளவு என்ற பகுதியில் கை வைக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண் மங்கியவர்களுக்காக நான் ஒரு கணினியில் அதை 20 என்று வைத்தேன். பொத்தான்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பட்டியல்கள் பக்கத்தை விட்டே வெளியேறின. ஒரு மாதம் கழித்துத்தான் அது என் கைங்கரியம் என்று நினைவுக்கு வந்தது. அதற்குப் பதில் ஒட்டுமொத்தப் பெரிதாக்கத்தை 120 விழுக்காடாக வைத்தேன், வடிவம் குலையவில்லை. ஒரு தளத்துக்கு வைத்த பெரிதாக்கத்தை பயர்பாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். 'இந்தத் தளம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது' என்ற புகாருக்கு கன்ட்ரோலும் சுழியமும் சேர்த்து அழுத்துவதே விடை.

குறைகளுக்கு வருகிறேன். பக்கங்கள் உடைவதற்குப் பயர்பாக்ஸே காரணமாவதும் உண்டு. நம்மைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு 2019 செப்டம்பரில் வந்த 69ஆம் பதிப்பு முதல் எல்லோருக்கும் இயல்பாகவே இயங்குகிறது. பொதுவாக நல்லதுதான், ஆனால் அதை ஸ்ட்ரிக்ட் நிலைக்கு மாற்றினால் வேறு தளத்திலிருந்து வரும் காணொளிப் பெட்டியும் கருத்துப் பெட்டியும் உள்நுழைவுப் பொத்தானும் காணாமல் போகக்கூடும். மாற்றும் இடத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? பக்கம் உடைந்த நேரத்தில், முகவரிப் பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது நமக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தலாம்.

உலாவியே மொத்தமாக வழுக்கிய நாள்களும் உண்டு. 2019 மே 4 அன்று, நீட்டிப்புகளைச் சரிபார்க்கும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் உலகெங்கும் பயர்பாக்ஸ் நீட்டிப்புகள் அணைந்துபோயின, 66.0.4 பதிப்பு வந்து சரியானது. 2022 ஜனவரி 13 அன்று எந்தப் பக்கமுமே ஏறவில்லை. மொசில்லா பயன்படுத்தும் மேகச் சேவை ஒன்று எச்டிடிபி/3 என்ற புதிய தொடர்பு முறைக்கு மாறியபோது, அதில் செல்லும் தலைப்பு வரியின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கையாள்வதில் இருந்த ஒரு பிழை விழித்துக்கொண்டு, வலைத்தொடர்பு முழுவதையும் முடிவில்லாச் சுழலில் மாட்டிவிட்டது. பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதை அணைத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். நடந்ததை மொசில்லா பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்; ஆனாலும் எந்தக் கணினியிலும் இரண்டாவதாக ஓர் உலாவி இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதம் இத்தகைய நாள்களால் வந்தது.

பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டிப் பக்கம் திறக்க மறுத்தால், முதலில் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். நேற்று வழங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத குழந்தை. கடிகாரம் தவறாக இருக்கிறது என்று பயர்பாக்ஸ் பல சமயம் தானே சொல்லிவிடுகிறது. அத்துடன் அது இயங்குதளத்தை நம்பியிராமல் மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான வேர்ச்சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருப்பதால், பழைய போன்களுக்கு ஒரு நன்மை உண்டு. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களில் தன் சான்றிதழ் செல்லாமல் போகலாம் என்று தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2020 நவம்பரில் எச்சரித்தபோது, அவற்றில் பயர்பாக்ஸை நிறுவிக்கொள்ளச் சொன்னது இதனால்தான்.

இருப்பினும் போனில் பயர்பாக்ஸ் பாதி மருத்துவர்தான். ட்ரபிள்ஷூட் மோடு அங்கே இல்லை. நெட்வொர்க் பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் போனை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து அங்கிருந்து பார்க்க வேண்டும். படிப்பகத்துக்கு வருகிறவர்களில் பலரிடம் இருப்பது போன் மட்டுமே என்பதால் இந்தக் குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. கணினியிலும் இந்தக் கருவிகள் உதவிப் பட்டியல், வியூ பட்டியல், அமைப்புகள் என்று மூன்று திசைகளில் சிதறிக் கிடக்கின்றன. "இந்தப் பக்கத்தில் என்ன கோளாறு" என்று ஒரே பொத்தானில் கேட்க வழியில்லை. தளம் உடைந்திருக்கிறது என்று மொசில்லாவுக்குத் தெரிவிக்க மட்டும் ஒரு வரி இருக்கிறது.

எதுவும் பலிக்காதபோது, ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ரிஃப்ரெஷ் பொத்தான் உண்டு. புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் குக்கிகளையும் வைத்துக்கொண்டு, நீட்டிப்புகளையும் நாம் மாற்றிய அமைப்புகளையும் கழற்றிவிடும். பழைய தரவை ஒரு கோப்புறையாக டெஸ்க்டாப்பில் எடுத்து வைக்கும். அந்தக் கோப்புறைக்குள் கடவுச்சொற்களும் இருக்கும் என்பதால், பொதுக் கணினியில் எல்லாம் சரியென்று பார்த்தவுடன் அதை அழித்துவிட வேண்டும்.

மூன்று கணினிகளில் இரண்டில் இப்போதைய பயர்பாக்ஸ் முதல் உலாவியாக இருக்கிறது. மூன்றாவது விண்டோஸ் 7. அதற்குக் கிடைக்கும் கடைசி வரிசை, நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 ஈஎஸ்ஆர்தான். புதிய தளங்களில் சில அதில் உடைந்தே வருகின்றன, அதற்கு மேலே சொன்ன எந்த வைத்தியமும் இல்லை. அதை நாளிதழ் படிக்க மட்டும் வைத்திருக்கிறோம். பக்கம் குலைந்தால் எஃப்9 அழுத்தி ரீடர் வியூவில் வெறும் எழுத்தாகப் படித்துக்கொள்ளலாம் என்று மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.